ஒரு கடை, ஒரு பானை

வியட்நாமில் நல்ல ஃபோ, அதாவது அரிசி நூடுல்ஸ் போட்ட இறைச்சிச் சூப், கிடைக்கும் கடையைக் கண்டுபிடிக்க இணையத்தில் தேட வேண்டியதில்லை. பானை வாசலிலேயே இருக்கும். இடுப்பளவு உயரத்துக்கு எவர்சில்வர் பானை, அடியில் அடங்கி எரியும் அடுப்பு, பக்கத்தில் வெட்டுப்பலகை, கண்ணாடிப் பெட்டிக்குள் கொக்கியில் தொங்கும் வெந்த இறைச்சி, கூடை நிறைய வெங்காயத்தாள். மெனு கார்டு கொடுக்க மாட்டார்கள், எழுதுவதற்கு அதில் ஒன்றும் இருக்காது. எந்த இறைச்சி என்று மட்டும் சொன்னால் போதும். காலை ஆறு மணிக்குத் திறந்து, பானை காலியானதும் மூடிவிடுகிற கடைகள் நிறைய. பத்தரை மணிக்குப் போய் நின்றால் தரையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

நான் புதுச்சேரிக்காரி, முத்தியால்பேட்டை. பிரெஞ்சு மொழிபெயர்ப்பு என் தொழில். வேலை விஷயமாக ஹனோய்க்கும் சைகோனுக்கும் போவேன். சித்தப்பா குடும்பம் பாரிஸில் இருப்பதால் அங்கேயும் போக வர இருக்கிறேன். எந்த ஊராக இருந்தாலும் காலையில் எழுந்ததும் இந்தச் சூப்பைத் தேடித்தான் கிளம்புவேன். இப்படிச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்குள் ஒரு எண்ணம் உறுதிப்பட்டுவிட்டது: இந்தச் சூப் அதை மட்டுமே செய்கிற கடையில்தான் சரியாக அமையும்.

அதற்குக் காரணம் பானைதான். மாட்டெலும்பை முதலில் ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, எலும்பைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். அழுக்கும் ரத்தமும் போன பிறகு புதுத் தண்ணீரில் மறுபடி ஏற்றுகிறார்கள். இஞ்சியையும் வெங்காயத்தையும் தோலோடு தணலில் சுட்டு, கருகிய தோலை உரித்துப் போடுகிறார்கள். அன்னாசிப்பூ, பட்டை, கருப்பு ஏலக்காய், கிராம்பு எல்லாம் நமக்குத் தெரிந்த சாமான்கள்தான். வெறும் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து, கடைசி ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மட்டும் பானைக்குள் விடுவது வழக்கம். அதிகம் ஊறினால் கசந்துவிடும். நல்ல அன்னாசிப்பூ சீன எல்லையை ஒட்டிய லாங் சோன் மாகாணத்திலிருந்து வருகிறது. பிறகு மீன் சாறு, கொஞ்சம் கற்கண்டு. எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று இரவெல்லாம் அடுப்பில் இருக்கும். தளதளவென்று கொதிக்கவே கூடாது. கொதித்தால் கொழுப்பு கலங்கி, சூப் பாலாகிவிடும். கிண்ணத்தின் அடியில் வரைந்திருக்கிற பூ தெரிய வேண்டும், அவ்வளவு தெளிவு.

இவ்வளவு பாடுபட்டு ஒரு பானை வைப்பவர் மறுநாள் காலையில் நூறு கிண்ணமாவது விற்றாக வேண்டும். அரிசி நூடுல்ஸும் அன்றன்றைக்குச் செய்து வருவது, மறுநாளுக்கு வைத்தால் விறைத்துவிடும். பத்துப் பேர் கேட்கிற இடத்தில் இதெல்லாம் கட்டுப்படியாகாது. அந்த இடங்களில் பொடியைக் கரைப்பார்கள், இல்லையென்றால் முந்தாநாள் சூப்பைச் சூடு பண்ணுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஹனோயின் பழைய நகரத்தில் பாத் தான் தெருவில் 49-ஆம் எண் கடை இருக்கிறது. வரிசையில் நின்று, காசைக் கொடுத்து, கிண்ணத்தை நாமே தூக்கிக்கொண்டு போய் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்கார வேண்டும். அலுவலகம் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்த பிள்ளைகள், செய்தித்தாளோடு வரும் தாத்தாக்கள், எல்லோருக்கும் ஒரே வரிசை. இந்த மாதிரிக் கடைகளில் ஒரு கிண்ணம் 60,000 டாங் அளவில் இருக்கும், நம் காசுக்கு இருநூறு ரூபாய் வரும்.

வெட்டுப்பலகைக்கு முன்னால் நிற்கும்போது அவர்கள் வேலையைப் பார்ப்பது எனக்குச் சாப்பிடுவதற்குச் சமமான சந்தோஷம். ஒரு கை நூடுல்ஸை அள்ளி வலைக்கரண்டியில் போட்டு வெந்நீரில் நாலு குலுக்கு. கிண்ணத்தில் கவிழ்ப்பு. மேலே இறைச்சி. பச்சையாகச் சீவியதைக் கேட்டிருந்தால் கத்தியின் பட்டையான பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டி விரித்துப் பரப்புகிறார்கள், மேலே ஊற்றுகிற சூப்பின் சூட்டிலேயே அது வெந்துவிடும். வெந்த இறைச்சி, விலா ஓரத்து மெல்லிய சதை, கொழுப்போடு சேர்ந்த நெஞ்சுக்கறி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. நான் எப்போதும் நெஞ்சுக்கறிதான் கேட்பேன். அந்த மஞ்சள் கொழுப்பு வாயில் மொறுமொறுப்பாக இருக்கும், கரைந்து வழியாது.

முதலில் வெறும் சூப்பை ஒரு கரண்டி குடிக்க வேண்டும். எலுமிச்சை பிழிவது, மிளகாய் போடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். பானை வைத்தவர் இரவெல்லாம் விழித்துச் செய்ததை முதலில் அவர் செய்தபடியே ருசித்துப் பார்ப்பதுதான் மரியாதை. ஹனோயில் சேர்ப்பதற்கு அதிகம் இருக்கவும் இருக்காது. பூண்டும் மிளகாயும் ஊறிய காடி ஒரு ஜாடியில் இருக்கும், மிளகாய் விழுது இருக்கும், சில கடைகளில் சின்ன ஆரஞ்சு மாதிரியான புளிப்புப் பழம் வைப்பார்கள். தனித்தட்டில் எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள் கேட்டு வாங்கி, சூப்பில் அமுக்கி, ஊறுவதற்குள் தின்ன வேண்டும்.

லோ தூக் தெருவில் 13-ஆம் எண்ணில் 1979-இலிருந்து இன்னொரு கடை. அங்கே இறைச்சியைப் பூண்டு போட்டு அதிகத் தீயில் வாணலியில் புரட்டிவிட்டுத்தான் சூப்பை ஊற்றுவார்கள். மேலே வெங்காயத்தாள் மலை. எண்ணெய் மிதக்கும். சுத்த ஹனோய்க்காரர்கள் சிலருக்கு இது பிடிக்காது. குளிர்காலக் காலையில் எனக்கு அதுவே வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஹனோய் எவ்வளவு குளிரும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இந்தச் சூப் தொன்றுதொட்டு வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது நூறு வருஷத்துக்குச் சற்று முன்னே பிறந்ததுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹனோய், அதற்குத் தெற்கே நாம் தின் பகுதிகளில் உருவானது. அதுவரை வியட்நாமிய விவசாயிக்கு மாடு உழுவதற்கு. பிரெஞ்சுக்காரர்கள் இறைச்சி கேட்டார்கள், மாடு அறுத்தார்கள், எலும்பு மிஞ்சியது. அந்த எலும்பைக் கொண்டு சூப் வைத்துத் தெருத்தெருவாகக் காவடித் தண்டில் சுமந்து விற்றார்கள், ஒரு பக்கம் அடுப்பும் பானையும், மறுபக்கம் கிண்ணமும் நூடுல்ஸும். நாம் தின் பகுதியின் வான் கூ கிராமத்திலிருந்து மட்டும் தலைமுறை தலைமுறையாக ஃபோ சமைப்பவர்கள் கிளம்பி ஹனோய்க்குப் போயிருக்கிறார்கள். கோழி ஃபோ வந்தது 1939 வாக்கில். வாரத்தில் திங்களும் வெள்ளியும் மாட்டிறைச்சி விற்பனை இல்லாததால் வந்தது என்று சொல்வார்கள்.

அமெரிக்கப் போரின்போதும் அதற்குப் பிந்தைய ரேஷன் காலத்திலும் அரசுக் கடைகளில் இறைச்சியே இல்லாமல் நூடுல்ஸும் தண்ணிச் சூப்பும் மட்டும் கொடுத்தார்கள். அமெரிக்கா அனுப்பிய ஆளில்லா உளவு விமானங்களைப் பார்த்திருந்த ஹனோய் மக்கள், இதற்கும் ‘விமானி இல்லாத ஃபோ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1986-இல் பொருளாதாரக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகுதான் தனியார் கடைகள் மறுபடி தலைதூக்கின. இன்று நாம் பார்க்கிற அந்தக் கொழுத்த பானைகளுக்குப் பின்னால் இவ்வளவு பசி இருக்கிறது.

சைகோன் ஃபோ வேறு ரகம். அதற்குக் காரணம் 1954. அந்த வருஷம் ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தம் நாட்டை இரண்டாகப் பிரித்தது. வடக்கிலிருந்து 8 முதல் 10 லட்சம் பேர் தெற்கே போனார்கள், கூடவே ஃபோவும் போனது. தெற்கு செழிப்பான பூமி, இனிப்பு பிடித்த ஊர். அங்கே போனதும் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு முளைத்தது: முளைப்பயறு, எலுமிச்சைத் துண்டு, சின்ன மிளகாய், ரம்பப் பல் விளிம்புள்ள நீளமான மல்லி, ஊதாத் தண்டுள்ள துளசி வகை ஒன்று. கூடவே இனிப்பான கருப்பு சாஸ். வடக்கத்திக்காரர்கள் இந்தத் தட்டைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நான் கீரைகளைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொள்வேன், வெயில் ஊரில் அது தேவைதான். கருப்பு சாஸை மட்டும் கிண்ணத்தில் ஊற்ற மாட்டேன். சின்னத் தட்டில் விட்டு இறைச்சியைத் தொட்டுக்கொள்ளலாம், சூப்பைக் கெடுக்கக் கூடாது.

சைகோனில் லீ சின் தாங் தெருவில் ஃபோ பின் என்று ஒரு சாதாரணக் கடை. 1968-இல் டெட் என்கிற வியட்நாமியப் புத்தாண்டில் நடந்த தாக்குதலுக்கு முன், அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட வியட்காங் கொரில்லாக் குழு ஒன்று அதன் மாடியில் உட்கார்ந்துதான் திட்டம் போட்டது. கீழே கடையில் அமெரிக்கச் சிப்பாய்களும் வந்து சாப்பிட்டுப் போவார்களாம். எனக்கு அந்தக் கதைக்காகவே அந்த இடம் பிடிக்கும்.

சைகோனில் இருக்கும் நாட்களில் காலை முதல் வேலை, பென் தான் சந்தைக்குப் பக்கத்து மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ் வணிகர்கள் கட்டியது. இன்று கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். ஊதுபத்தியைக் கொத்தாக ஏந்தி நிற்கிறார்கள், கருவறைக்குப் பின்னால் கல் சுவரில் நெற்றியை வைத்து மனசில் இருப்பதைச் சொல்கிறார்கள். அம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் ஹூ தியூ சாப்பிடலாம். பன்றி எலும்பும் காய்ந்த கணவாயும் போட்ட தெளிவான சூப், மேலே இறால், கொத்துக்கறி, ஈரல், பொரித்த பூண்டு. நோம் பென் பாணி என்று அதற்குப் பெயர். நூடுல்ஸை உலர்த்தியாக வாங்கிக்கொண்டு சூப்பைத் தனிக் கிண்ணத்தில் கேட்கவும் செய்யலாம். முன்பெல்லாம் இரவில் தள்ளுவண்டியிலிருந்து ஒரு பையன் இரண்டு கட்டைகளைத் தட்டிக்கொண்டு சந்துகளுக்குள் நடப்பான், வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சொன்னால் ஓடிப்போய்க் கிண்ணத்தோடு வருவான். இப்போது குறைந்துவிட்டது.

ஹுவே நகரத்துச் சூப்புக்கு வருகிறேன். நம் ஆட்களை நான் முதலில் அழைத்துப் போகிற இடம் அதுதான். புன் போ ஹுவே. அரசர்கள் இருந்த ஊர், காரம் தெரிந்த ஊர். மாட்டெலும்போடு பன்றிக்காலும் வேகும். எலுமிச்சைப்புல் கட்டுக்கட்டாக விழும். இறால் கருவாட்டு விழுதைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து ஊற்றுவார்கள். மேலே சிவப்பு எண்ணெய் மிதக்கும். நூடுல்ஸ் பட்டையாக இல்லாமல் உருண்டையாக, தடிமனாக இருக்கும். பக்கத்துத் தட்டில் பச்சை வாழைப்பூவை நூல் மாதிரி சீவி வைத்திருப்பார்கள். சூட்டில் போட்டு ஒரு கலக்கு, துவர்ப்பு போயும் போகாமலும் இருக்கும்போது சாப்பிட வேண்டும். வாழைப்பூவை வடையாகவும் பொரியலாகவும் மட்டுமே தெரிந்த எனக்கு இது பெரிய திறப்பு.

புன் ரியூ என்கிற நண்டுச் சூப் பற்றியும் இரண்டு வார்த்தை. வயல் நண்டை ஓட்டோடு இடித்து, கரைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரை மெல்லச் சூடாக்கினால் நண்டுச் சதை திரண்டு மேலே மிதந்து வரும். நம் ஊரில் நண்டு ரசத்துக்கு இடித்துப் பிழிவது போலவேதான். தக்காளி, வறுத்த டோஃபு, புளித்த அரிசிக் காடி. ஹனோய் சந்துகளில் அம்மாக்கள் சின்ன முக்காலி போட்டு விற்பது.

பாரிஸில் நான் போவது பதின்மூன்றாம் வட்டாரம். லா ஷாப்பேல் தமிழ்க் கடைத்தெருவில் சாமான் வாங்கிவிட்டு, கார் தெ லெஸ்த் வரை நடந்து, ஏழாம் நம்பர் மெத்ரோ பிடித்து தோல்பியாக்கில் இறங்கினால் அவென்யூ தெ ஷுவாசி. 1975-க்குப் பிறகு வியட்நாம், கம்போடியா, லாவோஸிலிருந்து வந்த அகதிகள் அங்கே ஒலிம்பியாத் என்கிற உயரமான கட்டிடங்களில் குடியேறினார்கள். அவர்களோடு கடைகளும் வந்தன. ஃபோ 14 என்ற கடையின் வெளியே மழையிலும் குடை பிடித்து நிற்பார்கள். உள்ளே முழங்கை இடிக்கும், முன்பின் தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தெற்கத்திப் பாணி, கீரைத் தட்டு உண்டு, மாட்டிறைச்சி உருண்டையும் உண்டு. என் சித்தி லா ஷாப்பேலில் வாங்கிய பச்சை மிளகாயைக் கைப்பையிலிருந்து எடுத்து, கழுவித் துடைத்து, சூப்பில் ஒடித்துப் போடுவார். “இவங்க மிளகா உறைக்கலடி, நீ ரெண்டு எடுத்துக்க” என்பார். பரிமாறும் அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுத்த தடவை அவராகவே உள்ளிருந்து நல்ல காரமான மிளகாய் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

இனி எங்கள் ஊர். புதுச்சேரிக்கும் வியட்நாமுக்கும் உள்ள சொந்தம் பலருக்குத் தெரியாது. பிரெஞ்சு ஆட்சியில் எங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இந்தோசீனாவில் போலீஸ், சுங்கம், நீதிமன்றம், ராணுவம் என்று வேலை பார்த்தார்கள். பட்டாளத்தில் இருந்தவர்களைச் சொல்தா என்போம். சிலர் அங்கேயே கல்யாணம் பண்ணி, மனைவி மக்களோடு திரும்பினார்கள். 1954 மே மாதம் தியன் பியன் ஃபூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே வருஷம் நவம்பர் 1-இல் புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்து மாறியது. சொல்தா வீடுகளின் வழியாகத்தான் சாய்யோ எங்கள் ஊருக்கு வந்தது. அரிசித் தாளில் கொத்துக்கறியும் சேமியாவும் சுற்றிப் பொரிப்பது. இன்றைக்கும் எங்கள் ஊரில் ஞானஸ்நானம், பிறந்தநாள் என்றால் சாய்யோ இருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு சைகோன் ஆயா இருந்தார். சுத்தமாகத் தமிழ் பேசுவார், மல்லிகைப்பூ வைத்துக்கொள்வார். ஞாயிறு காலைகளில் அவர் வீட்டில் கோழி ஃபோ. அன்னாசிப்பூ பெரிய மார்க்கெட்டில் வாங்குவார். அந்தத் துளசிக்குப் பதில் தோட்டத்துத் திருநீற்றுப்பச்சிலை. இரண்டும் ஒரே இனச் செடிதான், மணத்தில் கொஞ்சம் வித்தியாசம். “பாப்பா, பானை பேசக் கூடாது. சத்தம் கேட்டா தீயைக் குறை” என்பார். நான் இன்றைக்கும் கோழி ஃபோ வைப்பது அவர் சொன்னபடிதான்: முழு நாட்டுக்கோழி, சுட்ட இஞ்சி, சுட்ட சின்ன வெங்காயம், மூடாத பானை. கோழியை வெந்ததும் எடுத்து ஆற வைத்துச் சதையைப் பிய்த்துக்கொண்டு, எலும்பை மட்டும் மறுபடி பானையில் போட்டு இன்னும் இரண்டு மணி நேரம் விடுவேன்.

இப்போது புதுச்சேரியில் ஃபோ கிடைக்கிறது. கடற்கரைப் பக்கத்து உணவகங்களில் பீட்சாவுக்கும் பாஸ்தாவுக்கும் நடுவில் ஒரு வரியாக இருக்கிறது. காய்ந்த நூடுல்ஸ், ஆர்டர் வந்த பிறகு சூடாக்கிய சூப், நானூறு ரூபாய்க்கு மேல். சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. இவ்வளவு சொந்தம் உள்ள ஊரில், இத்தனை வீடுகளில் இந்தச் சூப்பின் கைப்பக்குவம் இன்னும் இருக்கும்போது, அதை மட்டுமே செய்கிற ஒரு கடை இல்லையே.

என்னைக் கேட்டால் கோழி ஃபோ போதும், மாட்டெலும்பு சாப்பிடாதவர்களும் வருவார்கள். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் பத்துப் பேர் உட்காரும் இடம். அரிசி மாவைத் துணியில் ஊற்றி ஆவியில் வேகவைத்து, தாளாக எடுத்து வெட்டினால் நூடுல்ஸ். இடியாப்பம் பிழிந்து சைக்கிளில் விற்கிற கைகளுக்கு அது ஒரு வாரத்தில் பிடிபடும். காலை ஆறரைக்குத் திறந்து, மீன் வாங்க வருகிறவர்கள் திரும்பும் நேரத்துக்குப் பானை காலி. கிண்ணம் நூற்றைம்பது ரூபாய்க்குக் கொடுக்க முடியும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். சாய்யோ செய்து வீடுகளுக்குக் கொடுக்கிற பெண்கள் இரண்டு பேரிடம் இதைப் பற்றிப் பேசியும் இருக்கிறேன். ஒருவர் “பானை எவ்வளவுடி ஆகும்?” என்று கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் அவரும் நானும் சேர்ந்து பாத்திரக் கடைக்குப் போகிறோம்.